கட்டத்தாளில் கோமதியின் புண்

8-8-94, திங்கள்
மேலக்காற்று. கொடியில் போட்ட வேட்டி அடுத்த வீட்டு முருங்கையில். ஆற்றங்கரையில் வெட்டுக்காயப் பூண்டு ஒரு பை பறித்தேன். பாதி கணேசனுக்கு, பாதி வீட்டுக்கு. என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவன், இப்போது கல்லூரியில் இந்த இலைச்சாற்றை எலிப் புண்ணில் போட்டுச் சோதிக்கிறான். இலையைக் காட்டிக் கொடுத்தது நான்.

இரண்டு கூண்டு. ஒன்றுக்குச் சாறு கலந்த களிம்பு, மற்றதற்கு வெறும் களிம்பு. புண் மேல் கண்ணாடித்தாள் வைத்து ஓரம் வரைந்து, கட்டத்தாளில் பொருத்திக் கட்டம் எண்ணுகிறான். சாறு போட்டவைக்குச் சீக்கிரம் மூடிவிட்டதாம். நான் வகுப்பில் சொன்ன அவரைச்செடி இன்னும் அவனுக்கு நினைவிருக்கிறது: இரண்டு தொட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர், ஒன்று மட்டும் இருட்டில்.

வீட்டுக்காரி கோமதிக்கு இடது கால் பெருவிரலில் செருப்புக் கடி, புண்ணாகி மூன்று வாரம். சர்க்கரை உடம்பு. ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்கிறார்கள். இலை கட்டி ஒரு வாரம் பார்க்கலாம் என்றேன்.
"எலிக்கு ஆறுதுன்னா எனக்கு ஆறாதா? நானும் இந்த வீட்ல வாலில்லாத எலிதான."

10-8, புதன்
இலை அரைத்துக் கட்டினேன். அதற்கு முன் கண்ணாடித்தாளில் வரைந்துகொண்டேன். 41 கட்டம். ரேஷனில் பாமாயில் இல்லை. சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும்.

13-8, சனி
32 கட்டம். தபாலாபீஸ் வாசலில் எண்ணெய்க்கடை அண்ணாச்சியிடம் தாளைக் காட்டினேன். "அப்போ டாக்டருமாரு கடையைச் சாத்த வேண்டியதுதான் வே" என்றார். சந்தோஷமாக இருந்தது.
மாத்திரை வாங்கினேன்.

16-8, செவ்வாய்
19. கோமதி சரியாகச் சாப்பிடவில்லை. உடம்பு லேசாகச் சூடு. காலையிலிருந்து ஊதுவத்தி மேல் ஊதுவத்தியாகக் கொளுத்துகிறாள். செவ்வாய்க்கிழமை என்பதால் என்று நினைத்தேன்.

18-8, வியாழன்
கணேசன் வந்தான். கட்டத்தாளை நீட்டினேன். அவன் தாளை வாங்கவில்லை, காலைப் பார்த்தான். கட்டை அவிழ்த்துப் பைய அழுத்தினான். ஓரத்தில் சீழ். பாதம் வரை வீக்கம், விரல் கறுத்திருந்தது.

"சார், மேல தோலு மூடியிருக்கு. அடியில அழுகுது."
நான் எலிகளைப் பற்றிக் கேட்டேன்.
"என் எலி ஒண்ணுக்கும் சர்க்கரை கிடையாது சார். எல்லாம் நல்லா இருந்த எலி. நீங்க அதைக் கேக்கவே இல்லையே."

கேட்கவில்லை. இரண்டு தொட்டியிலும் ஒரே மண். முப்பத்திரண்டு வருஷம் சொன்னது.

ஆட்டோவில் போகும்போது கோமதி சொன்னாள்: "நாலு நாளா வாடை வந்துட்டு. நீங்க கட்டம் எண்ணிக்கிட்டு இருந்திய. சொல்ல மனசு வரலை."

20-8, சனி
ஆஸ்பத்திரி. வெளியே சாரல். வீட்டிலிருந்து கொண்டுவர: பிளாஸ்க், பழைய வேட்டி இரண்டு, அவள் கண்ணாடி.

விரலோடு நிற்காதாம். கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டுமாம், நாளைக் காலை. கையெழுத்துப் போட்டேன். தேதியைத் தப்பாக எழுதி, அடித்து எழுதினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கோபம். "வந்து படுங்கன்னு சொல்லி ரெண்டு வாரமாச்சு. ஏன் வரலை?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

கோமதி முந்திக்கொண்டாள். "நான்தாம்மா பயந்துக்கிட்டு வரமாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணுனேன். அவுக கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாக."

டாக்டர் அதை அப்படியே அட்டையில் எழுதினார். எழுதி முடிக்கிறவரை பக்கத்தில்தான் நின்றேன்.