சாரங்காவின் கடைசி ஓட்டல்

ராயபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள ஜானட்டுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ மாற்றல் வாங்கிக்கொண்டு அந்த மலைக்குப் போனதிலிருந்து நாம் பேச வேண்டியதையெல்லாம் டெபோரா வழியாகவே பேசி, பெற்ற பெண்ணை டெலிபோன் ஆபரேட்டர் ஆக்கிவிட்டோம். நேற்று அவள்தான் சொன்னாள், உங்கள் ஓட்டலையும் விற்றுவிட்டார்கள் என்று. மாதக் கடைசிக்குள் நீ எழுதிக் கொடுக்க வேண்டுமாம்: வாங்கியவர்களிடம் வேலையில் தொடர்வதா, விருப்ப ஓய்வில் வீட்டுக்கு வருவதா. "அம்மா சரியா தூங்கறதே இல்ல டாடி, நீங்களாவது பேசுங்க" என்றாள். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. ராயப்பர் தேவாலயத்துக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். நம் தெருவில் குழாய்த் தண்ணீர் இப்போது ஒழுங்காக வருகிறது. காற்று திரும்பினால் எண்ணூர்ப் பக்கத்துப் புகை வருகிறது, கொடியில் துணி போட முடியவில்லை. உனக்குத் தெரியாததா?

சாரங்கா ஓட்டல்களில் இனி அரசாங்கத்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை. உன்னுடையதுதான் கடைசி. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. டெல்லியில் ஏதோ மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்க நல்ல அறை இல்லை என்று ஆரம்பித்த ஓட்டல். பிறகு, கட்டிக் காக்க முடியாத ஒரு ராஜ குடும்பம் ஏரிக்கரை அரண்மனையைக் கொடுத்தது. கடற்கரையில் குடில்கள் வந்தன. நம் சென்னை ஓட்டல் வந்தது. கடைசியாக, யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை மலையில் கட்டிய உன்னுடைய மரமாளிகை. நான் பயிற்சிக்குச் சேர்ந்த நாளில் வரவேற்பு மண்டபத்துத் தேக்குத் தூண்களைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா என்று யோசித்தவன் நான். எம்.ஏ. படித்திருந்தும்!

அதைக் கெடுத்தவர்கள் யார் என்று உனக்கும் தெரியும். பதவி போன பின்பும் அறையைக் காலி செய்யாத அந்தத் துணை அமைச்சர், அவருடைய நாய்க்குத் தனிச் சமையல். நானூற்றுப் பன்னிரண்டாம் அறையில் ஷவர் ஒழுகியதற்கு நான் அனுப்பிய கோப்பு டெல்லிக்குப் போய், ஒப்புதல் வருவதற்குள் நம் சென்னை ஓட்டலே கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் ஒரே வாரத்தில் ஷவரை மாற்றிவிட்டார்களாம். வால்டர்தான் சொன்னான். என்னிடம் வேலை கற்று, விற்ற மறுநாளே புதுக் கம்பெனி பேட்ஜைக் குத்திக்கொண்டு நின்ற வால்டர். டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது, "இன்னும் கோபமா கீறீங்களா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இன்னமும் அப்படித்தான்.

உன் மேலும் வருத்தம் இல்லாமல் இல்லை. விற்ற அன்று நான் சாப்பிடாமல் படுத்திருந்தபோது நீ கேட்டாயே, "யோவ், ஓட்டலு இன்னா உங்கப்பன் சொத்தா? கவர்மென்ட்டு வெச்சுது, கவர்மென்ட்டு விக்குது. நீ ஏன்யா பட்டினி கெடக்குற?" என்று. அது நியாயமான கேள்வியாக இருக்கலாம். கேட்ட நேரம் சரியில்லை. நான் ஓய்வு வாங்கினேன். நீ மலைக்குக் கிளம்பினாய். கணவன் சோர்ந்து கிடக்கையில் மனைவி பெட்டி கட்டினாள் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உன் காதுக்கும் வந்திருக்கும்.

நான் ஆரம்பித்த மெஸ்ஸைப் பற்றி டெபோரா சொல்லியிருப்பாள். லாரி ஷெட்டுகளுக்கு எதிரில் இருக்கிறது. விடியும்போதே காசிமேட்டிலிருந்து டில்லிபாபு மீன் கொண்டுவருகிறான், அவன் மனைவி மங்கை குழம்பு வைக்கிறாள். நான் மேசைகளுக்கு வெள்ளை விரிப்புப் போட்டிருக்கிறேன். முதல் நாள் கன்டெய்னர் லாரி ஓட்டும் ஷாகுல் ஹமீது வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா சார், சோறு போடற எடமா, கவர்னர் வூடா? குந்தறதுக்கே பேஜாரா கீது" என்றார். இப்போது அவர்தான் புதிதாக வருகிறவர்களிடம், "யோவ், போய் கை கழுவிகினு வா" என்று விரட்டுகிறார். மதியம் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஒரு தட்டை மாற்ற யாருக்கும் கோப்பு அனுப்ப வேண்டியதில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நான் சந்தோஷமாக இருக்கிறேன். இது தெரிந்தால் என் கோபத்தை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் வெளியில் காட்டிக்கொள்வதில்லை.

போன வாரம் ஒன்று நடந்தது. மெஸ் சாவியைக் கொடுக்க மாலையில் மங்கை நம் வீட்டுக்கு வந்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, ஒண்டியா படுக்கற ஆளு, கட்டில்ல ரெண்டு பக்கமும் மடிச்சு வெச்சுகினு கீற? யாரு வராங்க?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். சாரங்காவில் சாயங்காலம் படுக்கை விரிப்பின் முனையைச் சாய்வாக மடித்து வைப்போமே, அதே மடிப்பு. தனியாள் அறை என்றால் ஒரு பக்கம் மட்டும், இருவர் என்றால் இரண்டு பக்கமும். அறையில் எத்தனை பேர் என்று சொல்லி அனுப்புவது என் வரவேற்புத் துறை, மடிப்பது உன் துறை. இங்கே இரண்டு வேலையையும் நானே பார்த்து, ஆள் கணக்கைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாளாக இப்படி மடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மங்கையிடம், "அது ஓட்டல் பழக்கம்மா" என்றேன். "அந்தப் பழக்கத்த அக்காவாண்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள். சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன். இப்போது உனக்கு எழுதிவிட்டேன்.

ஜானட், இதைப் படித்துவிட்டு ஓய்வுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதே. உன் துறைப் பெண்கள் மடிக்கும் துணிகளைப் பற்றி நீ டெபோராவிடம் பெருமை பேசுவது எனக்கும் வந்து சேர்கிறது. அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். வாங்குகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அந்த ஷவர் சரியாகிவிட்டது. நீ தொடர்ந்தால், கிறிஸ்துமஸுக்கு மெஸ்ஸை மங்கையிடம் விட்டுவிட்டு நான் அங்கே வருகிறேன். நீ வருவதாக இருந்தால் ரயில் பெயரை மட்டும் சொல், சென்ட்ரலில் நிற்கிறேன். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம். நீ நன்றாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

குளிரில் காலை மூடிக்கொண்டு படு. பழைய ஸ்வெட்டர் நைந்திருந்தால் சொல், அனுப்புகிறேன். நீ எங்கே இருந்தாலும் மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

கீழே என்ன எழுதுவது என்று நிறைய நேரம் யோசித்தேன். 'உன் கணவன்' என்று போட்டால் உத்தரவு மாதிரி இருக்கிறது. 'ஜேக்கப்' என்றால் அலுவலகக் கடிதம். எதைப் போட்டாலும், மாதக் கடைசியில் நீ பேனாவை எடுக்கும்போது என் பெயர் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே கையெழுத்துப் போட வேண்டியவள் நீ ஒருத்திதான். இதை இப்படியே, பெயர் போடாமல், தபாலில் சேர்க்கிறேன்.