செல்வியிடம் சொன்ன பொய்

ஜூன், வியாழக்கிழமை

பதினொன்றாம் வகுப்பில் என் தையல் தொழிற்கல்விப் பிரிவுக்கு ஒரு பிள்ளை குறைந்தது. ஆள் சேராவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள், என் வேலையும் போகும். போன வாரம் அறிவியல் பிரிவு கேட்டு வந்த செல்வியிடம், "இதப் படிச்சாலும் நர்ஸ் ஆகலாம்" என்று பொய் சொல்லிச் சேர்த்துக்கொண்டேன்.

இன்று காலை அவள் அம்மா தேயிலை எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு, கீழ் கோத்தகிரியிலிருந்து மழையில் நனைந்து வந்தார்.

"நல்ல வழி காட்டுனீங்க டீச்சர். புள்ள நர்ஸ் ஆயிருவாளுங்களா?"

"ஆயிருவாம்மா" என்றேன்.

மதியம் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். தலைமையாசிரியரிடம் போய், செல்வியை அறிவியலுக்கு மாற்றச் சொன்னேன். உடனே மாற்றிவிட்டார். என் பிரிவில் மறுபடி ஒரு பிள்ளை குறைந்தது. காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் செல்வி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகப் பேசினீங்களாமே, ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்!"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்தேன்.