முனைக் கோடி மரம்

மார்கழி 12, புதன்

ஒன்பது மணி வரை பனி. டிராம் தாமதம். நில அளவை ஆபீஸில் ஆற்று முகத்துவார முனையின் வரைபடம் வரைகிற வேலை. மூன்று பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் காடு. போன வாரம் ஓடைகளின் பெயர் சரிபார்க்கப் படகில் அனுப்பினார்கள். பதினோரு வருஷ உத்தியோகத்தில் மைக்கூட்டை விட்டு வெளியே போனது அந்த ஒரே தடவை.

சேற்றில் வாத்துகள். வடக்கே பனிமலைக்கு அப்பாலிருந்து குளிருக்கு வருபவை, தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. எண்ணி மாளாது. முனைக் கோடியில் ஒற்றை மரம், உச்சியில் கடல்கழுகுக் கூடு, இரண்டு குஞ்சு. பறக்க இன்னும் ஒரு மாசம் ஆகும் என்றான் படகுக்காரன் ஹாருன்.

முனை குத்தகைக்குப் போகிறது. காட்டை வெட்டி, கரை போட்டு, நெல். சேறு காய்ந்தால் வாத்துக்கும் இடமில்லை. ஹாருன், "அடுத்த பனிக்கு இதுங்க எங்க இறங்கும், பாபு?" என்று கேட்டான்.

மார்கழி 14, வெள்ளி

உத்தரவு படித்தேன். எல்லா மரமும் போகும், படத்தில் அளவைக் குறி உள்ளவை தவிர.

படத்தில் கோடி மரத்தின்மேல் அளவைக் குறியாக முக்கோணம் ஒன்று போட்டுவிட்டேன். யாரும் சொல்லவில்லை. மேலதிகாரி பெரிய பாபு பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். வாத்துகளுக்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை. அந்தக் கூடாவது.

வாங்க: மண்ணெண்ணெய், புளி, கமலத்துக்கு இருமல் மருந்து.

ராத்திரி சாப்பிடும்போது மனைவி கமலத்திடம் சொன்னேன். "கழுகுக்காகவா உத்தியோகத்தைப் பணயம் வைப்பாங்க?" என்றாள். ஆனாலும் கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம்.

மார்கழி 16, ஞாயிறு

சந்தையில் அதே பட்டைத்தலை வாத்து ஒரு ஜோடி, கால் கட்டி, தலைகீழாக. "நல்ல கொழுப்பு, பாபு," என்றான் விற்கிறவன். புளி வாங்க மறந்து திரும்பினேன்.

மார்கழி 24, திங்கள்

வெயில். ஆபீஸ் வாசலில் ஹாருன். சனிக்கிழமை அளவைக்காரர்கள் முனைக்கு வந்தார்களாம்.

"முக்கோணம் போட்ட மரம் தூரத்திலேருந்து தெரியணுமாம். உச்சியை வெட்டிட்டு, கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிட்டாங்க."

கூடு?

"உச்சியிலதானே இருந்துச்சு, பாபு."

மற்ற மரங்களை வெட்ட ஆள் பங்குனியில்தான் வருமாம். அதற்குள் குஞ்சுகள் பறந்திருக்கும். குறி வைத்த மரத்தை என்ன செய்வார்கள் என்று களத்துக்குப் போகிற எவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். பாவி நான்.

சாயங்காலம் பெரிய பாபு படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "முக்கோணத்துக்கு நடுவுல புள்ளி விட்டுப்போச்சே. அது இல்லாம அளவைக் குறி முழுசாகாது. வச்சுக் கொடுங்க."

வைத்தேன்.