அம்மைக்க மூச்சு மருந்தும் அப்பன் சொன்ன பொய்யும்

அன்பு மகள் ஜோஸ்னாவுக்கு, காரோட்டில இருந்து அப்பன் எழுதுதேன்.

மக்கா, மாதா கிருபையில நானும் அம்மையும் இஞ்ச சொகமா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில ஒரு தீனமும் அண்டாம இருக்கணும்ணு தினமும் செபிக்கோம். தினம் போனில பேசுத அப்பனுக்கு எதுக்கு லெட்டருண்ணு நீ நினைப்ப. போன் எடுத்தா அம்மை பக்கத்திலயே இருப்பா, ஸ்பீக்கரையும் போட்டிருவா. உனக்கிட்ட சொல்லப்பிடாது, அறிஞ்சா லீவு போட்டு ஓடி வருவாண்ணு அவ விலக்கி வச்சிருக்க ஒரு காரியம் உண்டு. இப்பம் எல்லாம் நேராயாச்சு, அதனால பதறாம வாசி. உனக்க கூட்டுக்காரி ஜெனிஸ் திங்கக்கிழமை அங்க திரும்புதா, அவ கையில இதைக் குடுத்து விடுதேன்.

கிறிஸ்மஸுக்கு வந்தப்பம் நீ மருந்தை ஆவியாக்கி மாஸ்க் வழியா மூச்சில குடுக்குத அந்த நெபுலைசர் மெஷினை வாங்கி வச்சிட்டுப் போனியே. இன்ஹேலர் இழுக்கையில அம்மைக்குக் கை ஒரு நேரம் மூச்சு ஒரு நேரமாப் போவுதுண்ணு டாக்டர் எழுதினதாக்கும் அது. காலையில ஒரு குப்பி, சாயங்காலம் ஒரு குப்பி, மூச்சு இழுப்பு இருந்தாலும் இல்லேண்ணாலும் விடாம எடுக்கணும்ணு நீயும் படிச்சுப் படிச்சுச் சொன்ன. ரெண்டு மாசம் ஒழுங்கா எடுத்தா. பின்ன இழுப்பு நிண்ணு போச்சு, மீன் விக்க பாறசாலை சந்தைக்கும் போகத் தொடங்கினா. அப்பம் அவளுக்கு, தீனம் இல்லாதவளுக்கு எதுக்கு மருந்து, மெஷின் இரைச்சலைக் கேட்டு அக்கம்பக்கத்தில பெரிய நோய் சூக்கேடுண்ணு பேசுதாவண்ணு ஒரே பிடிவாதம். நானும் போகட்டும்ணு விட்டேன். ஆனா நீ வீடியோவில காலிக் குப்பியக் காட்டச் சொல்லுவியே. உனக்குப் பயந்து நான் தினமும் ரெண்டு குப்பியப் பிச்சு வாஷ்பேசினில ஊத்திட்டுக் காலிய அடுக்கி வச்சேன். நீ பார்த்துட்டு அப்பன் மிடுக்கன்தான்ணு சொன்னப்பம் எனக்கு முகத்தைத் தூக்க முடியல்ல மக்கா.

மே மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில சந்தைப் பக்கத்தில ஆரோ சவறு குப்பையைக் கூட்டி எரிச்சிருக்காவ, ஒரே புகை. ஒருத்திக்கிட்ட சாளை மீனுக்கு விலை சொல்லிக்கிட்டிருந்த அம்மைக்குப் பாதியில பேச்சு நிண்ணு போச்சு. ஆட்டோ ஓட்டுத ஸ்ரீஜித்துதான் தூக்கி ஆட்டோவில இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் எனக்கு விளிச்சான். நான் ஓடிச் சேரும்போ மாஸ்க் வச்சுக் கட்டிலில இருக்கா, உதடு நீலிச்சு, தோள் ரெண்டும் ஏறி இறங்குது, எனக்க கையைப் பிடிச்சவ விடல்ல. பிரசீதாண்ணு ஒரு சின்ன வயசு டாக்டர், தினம் எடுக்குத மருந்தை முடங்காம எடுத்தாவளாண்ணு கேட்டா. அம்மை எனக்க முகத்தைப் பார்த்தா. நான், ஓ, முடங்காமண்ணு சொல்லிட்டேன். அப்பம் இது இவங்களுக்குப் போதாது, இன்னும் கடுப்பமுள்ளது தொடங்கணும்ணு டாக்டர் எழுத ஆரம்பிச்சா. எனக்க பொய்யைக் கேட்டல்லவா இவளுக்கு மருந்து எழுதுதாண்ணு தோணிச்சு. கிட்டப் போய், டாக்டரே பொய்யாக்கும் சொன்னேன், மூணு மாசமா இவளுக்க உள்ள ஒரு துளி போகல்ல, நான்தான் ஊத்திக் களஞ்சேன்ணு வார்டில எல்லாரும் கேக்கச் சொல்லிட்டேன். கடலில எத்தனையோ காத்தில அகப்பட்டிருக்கேன், அண்ணு பயந்த மாதிரி ஒருநாளும் பயந்ததில்ல.

டாக்டர் ஏசல்ல. எழுதினதை வெட்டிட்டு எனக்க பக்கத்தில இருந்து சொன்னா, அப்பச்சா, இழுப்பு இல்லாதப்பமும் மூச்சுக்குழலில வீக்கம் கிடக்கும், வெளியில தெரியாது, இது அந்த வீக்கத்தை அடக்கி வைக்குத மருந்தாக்கும், நிறுத்தினா ஒரு புகை போதும் திரும்பி வர, இழுப்பு வந்தா எடுக்க வேற மருந்து உண்டு, ரெண்டையும் குழப்பப்பிடாதுண்ணு. மூணாம் நாள் வீட்டுக்கு விட்டாவ. அவசர மருந்தை இப்பம் தனியா சிவப்பு டப்பாவில வச்சிருக்கேன். ரெண்டு நேரமும் அம்மை நாற்காலியில நிமிர்ந்து இருப்பா, நான் குப்பிய மெள்ளக் குலுக்கி ஊத்தி மெஷினைப் போடுவேன். முடிஞ்சதும் அவ வாய் கொப்பளிச்சு முகம் கழுவுவா, நான் கப்பைக் கழுவி உணத்துவேன். அந்தப் பத்து நிமிஷம்தான் இந்த வீட்டில எனக்குப் பேசக் கிடைக்குத நேரம், அதுக்கும் அவ கண்ணால எதிர்த்துப் பேசுவா. அடுத்த வீட்டு டெல்னா என்ன சத்தம்ணு எட்டிப் பார்த்ததுக்கு, மாஸ்கைத் தூக்கி, எனக்க மருந்தாக்கும், உனக்க மிக்ஸிய விடச் சத்தம் கொறவுதான்ணு சொல்லிட்டு திரும்பவும் வச்சுக்கிட்டா.

போன ஞாயிறு மாதா கோயில் மேட்டில ஏறிப் போனோம். முன்ன நாலு இடத்தில நிண்ணு ஏறுதவ, அண்ணு எனக்கு முன்னால ஏறி, உச்சியில திரும்பி நிண்ணுக்கிட்டு, என்ன மனுஷா இப்படி மூச்சு வாங்குதிய, உங்களையும் ஒருக்க டாக்டருக்கிட்ட காட்டணும்ணு சொல்லிச் சிரிக்கா. எனக்குக் கண் நிறைஞ்சு போச்சு, வேர்வைய துடைக்குத மாதிரி துண்டால துடைச்சேன்.

லீவு போட்டு ஓடி வராண்டாம் மக்கா. ஏசணும்ணா என்னை மட்டும் ஏசு, அம்மைக்கிட்ட ஒண்ணும் அறிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத. நைட் டியூட்டி முடிஞ்சு வெறும் வயித்தில உறங்கப்பிடாது, மறக்காத. உங்க ரெண்டு பேருக்க தலையிலயும் மாதாவுக்க கை எப்பளும் இருக்கட்டும்.

பொய் சொன்னாலும் உன்மேல பாசம் குறையாத அப்பன்,
ததேயூஸ்