தென்னைக்குக் கொடுத்த சான்றிதழ்

கோட்டைமேடு, கோவை
12.2.1995

அன்புள்ள கனகம்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் உங்கள் கம்பெனி பாட்டிலைப் பார்த்தேன். 'கடற்பாசி டானிக், பெண்களின் பலவீனம் தீரும்' என்று லேபிள். அடியில், 'மரபணுவுக்குப் பாதுகாப்பானது என நிரூபித்தவர் டாக்டர் உம்மல் குல்சும்.' ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வாங்கிக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க, தைரியமாக் குடிங்க அம்மணி" என்கிறார் கடைக்காரர். நான் பாட்டனி படித்த டாக்டர் என்று அவருக்கு யார் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

நான் சோதித்தது எதை? உடுமலையில் உங்கள் தென்னந்தோப்புக்கு உன் வீட்டுக்கார அண்ணன் ஊற்றுகிற பழுப்புக் கடற்பாசிச் சாற்றை. ஒரு பங்கு சாற்றுக்கு இருநூறு பங்கு தண்ணீர். அதில் வெங்காயத்தை வேர்விட வைத்து, வேர்நுனியின் குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது தென்னைக்குக் கொடுத்த சான்றிதழ், கனகம்!

என் அறிக்கையின் இரண்டாம் பக்கம் எங்கே போயிற்று? தண்ணீர் கலக்காத சாற்றில் வேர் முளைவிட்டதோடு நின்றுவிட்டது, அந்த நுனியில் குரோமோசோம்கள் துண்டு துண்டாக உடைந்திருந்தன என்று அதில் எழுதியிருந்தேன். நானும் ஒரு பாட்டில் வாங்கித் திறந்து பார்த்தேன். தேன் பதத்தில் இருக்கிறது. தண்ணீர் கலந்ததாகத் தெரியவில்லை.

கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சொல். உடனே.

உன்
குல்சும்


உடுமலைப்பேட்டை
20.2.1995

அன்புள்ள குல்சும்,

நாங்கள் நலம். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இருபது வருஷச் சிநேகிதத்தில் இப்படி ஒரு கடிதம் உன்னிடமிருந்து வந்ததில்லை.

அவரிடம் காட்டினேன். "தென்னைக்கு ஊத்துனா குலை தள்ளுது, மனுசனுக்கு மட்டும் ஆகாதாமா? வெங்காயத்தைப் பாத்து மனுசனுக்குச் சோசியம் சொல்றாங்களா உன்ற சிநேகிதி?" என்று கத்தினார். எனக்கும் கோபம்தான். இந்தப் பாசியின் சத்து கிருமியைக் கொல்கிறது, புற்றுநோய்ச் செல்லைத் தடுக்கிறது என்று உங்கள் கல்லூரிக் கூட்டத்தில் பேசியது நீதானே? முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேனே! அன்றைக்கு ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சா? இரண்டாம் பக்கம் படிக்கிறவர்களைப் பயமுறுத்தும் என்று எடுத்துவிட்டோம். அவ்வளவுதான்.

போகட்டும் விடு, கண்ணு. கோகிலாவைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஏழாம் மாதம். மார்ச் எட்டாம் தேதி வளைகாப்பு. சின்ன வயதில் அவளுக்கு ரிப்பன் கட்டிவிட்டவள் நீ, நீ இல்லாமல் எப்படி? பெண் இளைத்துப்போயிருக்கிறாள். பாலும் பேரீச்சம்பழமும் கொடுக்கிறேன். டானிக்கை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எதற்கு வீண் பரீட்சை?

எட்டாம் தேதி காத்திருப்பேன்.

உன்
கனகம்


கோட்டைமேடு, கோவை
27.2.1995

கனகம்,

டானிக்கை அலமாரியில் பூட்டியதாக எழுதியிருக்கிறாயே, அந்த வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கூட்டத்தில் நான் சொன்னது சோதனைக்குழாயில் நடந்ததை. வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று அன்றைக்கும் சொல்லவில்லை. வெங்காயத்தில் உடைந்தது மனுஷியிலும் உடையும் என்று இன்றைக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றை, தெரியும் என்று என் பெயர் போட்டு விற்கிறீர்கள்.

எல்லாம் அண்ணன் செய்த வேலை, கனகத்துக்கு இதன் ஆபத்து புரிந்திருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். உனக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. உன் மகளுக்கு வீண் பரீட்சை, சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் போனாளே, அவளுக்கு மட்டும் டானிக்கா? அவளும் ஒருத்தி பெற்ற பெண்தானே? அவள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் வீட்டுக்கே போயிருப்பேன்.

இன்று காலை அறிக்கையின் இரண்டு பக்கங்களையும் அந்தப் பாட்டிலையும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். உன் கடிதத்தையும் கொடுத்திருக்க வேண்டும். கை வரவில்லை. அதோடு நம் சிநேகிதக் கடன் தீர்ந்தது.

வளைகாப்புக்கு வர மாட்டேன். கோகிலாவுக்கு இரண்டு டஜன் பச்சை வளையல் பார்சலில் வருகிறது. யார் அனுப்பியது என்று நீ சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. அந்த அலமாரியை மட்டும் திறந்துவிடாதே.

இப்படிக்கு,
டாக்டர் உம்மல் குல்சும்