செல்லாயி கண் கேட்கிறாள்

என் பிரியமுள்ள அய்யாவுக்கு,

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? அம்மை போட்டுப் பார்வை போன உங்கள் சின்ன மகள் செல்லாயி, கண் வீங்கிக் காய்ச்சலோடு கிடக்கிறாள். எல்லாம் ஒரு படத்துக்குப் போனதால் வந்த வினை.

ராசிபுரத்துக் கொட்டகைக்குப் பேசும்படம் வந்தது. பார்வையில்லாத சிறுமியின் கதை என்றார்கள். திரையில் நடப்பதை நான் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தச் சிறுமி தகப்பனின் துண்டைப் பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றினாள். "அக்கா, அந்தப் புள்ளயும் என்னாட்டமே மழ வாசத்தக் கண்டுபுடிக்குது!" என்று இவள் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

கடைசியில் ஒரு சாமியார் ஏதோ பச்சிலையைப் பிழிந்துவிட, சிறுமிக்குக் கண் திறந்தது. முதலில் தகப்பனைப் பார்த்தாள். கொட்டகையே கன்னத்தில் போட்டுக்கொண்டது. படம் காட்டியவர்களுக்கு என்ன, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

மறுநாளே இவள் வேலித் தழைகளைக் கசக்கிக் கண்ணில் விடத் தொடங்கிவிட்டாள். வாசம் பிடித்துத் தழைகளை அறிய நீங்கள்தானே பழக்கினீர்கள்? யார் சொல்லியும் கேட்கவில்லை. நேற்று கள்ளிப்பாலை விட்டுக்கொண்டாள். அந்த அலறலை எப்படி எழுதுவேன்! அம்மா அவளை இரண்டு போடு போட்டுவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏஞ்சாமி இப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன்.

"அய்யனப் பாக்கோணும். அம்மாவாசைக்கு எலயில சோறு போட்டு, 'வாங்க, சாப்புடுங்க'ன்னு நீங்கெல்லாம் கூப்புடறீங்கல்ல? உங்களுக்கெல்லாம் தெரியறாரு. எனக்குத்தான் தெரிய மாட்டீங்குது. எங்கூடப் பேசவும் மாட்டீங்கறாரு. எம்மேல என்ன கோவம்க்கா அவருக்கு?"

பேதியில் நீங்கள் போன அன்று, சின்னப் பிள்ளை பயந்துவிடும் என்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். சாமிகிட்டப் போயிட்டாரு என்று சொன்னதோடு சரி. ஒவ்வொரு படையலுக்கும் அவள் கூடவே உட்கார்ந்து, நீங்கள் வாய் திறப்பீர்கள் என்று காத்திருந்திருக்கிறாள். அவளிடம் நீங்கள் எப்போதாவது கோபித்துக்கொண்டது உண்டா அய்யா?

காய்ச்சல் இறங்கினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் வைத்தியர். இறங்கட்டும். நீங்கள் இருக்கும் இடத்துக்கு நானே அவளைக் கூட்டி வருவேன். பொம்பளைகள் அங்கே வரலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். உங்கள்மேல் மூடிய மண்ணில் அவள் கையை வைத்து, "அய்யன் செத்துட்டாரு சாமி. எங்க யாரு கண்ணுக்கும் அவரு தெரியல" என்று சொல்லிவிடுவேன். அவள் அழுது ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள், செல்லாயிக்கு அக்கா,
நல்லம்மா