கரும்பலகை எண்

மான்ட்பீலியர்
பிப்ரவரி 2

அன்புள்ள கோரின்,

மாநில ஆவணக் காப்பகப் பொறுப்பாளர் நேற்று உறுதிசெய்த செய்தி இது: நாற்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் மார்லோ ஃபால்ஸ் ஊர் அனுப்பிய கவர்னர் தேர்தல் அறிக்கையில் இரண்டு எண்கள் சுரண்டப்பட்டு, மேலே வேறு எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கையெழுத்து உன்னுடையது. ஊர் எழுத்தராக அது உனக்கு முதல் வருடம்.

வெர்மான்ட் கவர்னர் தேர்தல்களின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். மிச்சம் இந்த ஒரு பக்கம்தான். பாதிக்கு மேல் யாருக்கும் ஓட்டு விழாவிட்டால் கவர்னரைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்றம் என்பது உனக்குத் தெரியும். அந்த வருடம் மூன்று பேர் நின்றார்கள்; வக்கீல் வேட்பாளர் பாதியைத் தாண்டியது முப்பத்தெட்டு ஓட்டில். உன் அறிக்கையில் அவருக்கு 262. சுரண்டலுக்கு அடியில் 212.

எண்ணிக்கைத் தாள் உன் அலுவலகப் பெட்டக அறையில் இருக்கும். நகல் அனுப்பு. முழங்கால் வலி தேவலையா?

எல்லிஸ்

*

மார்லோ ஃபால்ஸ்
பிப்ரவரி 8

எல்லிஸுக்கு,

விவாகரத்துக்குப் பிறகு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அனுப்பாதவன், ஒரு தாளுக்காக முழங்காலை விசாரிக்கிறாய். வலிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 3 ஊர்க்கூட்டத்தில் எழுத்தர் பதவிக்கு முதல் முறையாக என்னை எதிர்த்து ஒருவர் நிற்கிறார். தீவனக்கடை மெரில். தபால் நிலையத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "ஏம்மா கோரின், நாப்பது வருஷமா அந்த நாற்காலிய சூடாக்கிட்டீங்க. கொஞ்சம் எழுந்திருக்கக் கூடாதா?"

"உக்காந்து பாருங்க மெரில், அது எப்படிக் குத்தும்னு தெரியும்" என்றேன். சிரித்தார்கள். ஆனால் அவர் பேச்சுக்கும் அதே அளவு சிரித்திருந்தார்கள்.

சாறு பிடிக்க மேப்பிள் மரங்களில் வாளி மாட்டும் வேலை வேறு தலைக்கு மேல் கிடக்கிறது. கூட்டம் முடியட்டும், பிறகு கேள்.

கோரின்

*

மான்ட்பீலியர்
பிப்ரவரி 16

கோரின்,

இது இரண்டாவது கடிதம். நடுவில் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். "அம்மா வாளி மாட்டப் போயிருக்காங்க" என்று உன் உதவியாளர் மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னாள். பனிப்புயல் அன்றுமா?

அது பொது ஆவணம். நேரில் வந்து கேட்டால் நீ மறுக்க முடியாது. பழைய பழக்கத்துக்காகத்தான் எழுதிக் கேட்கிறேன். மார்ச் 6 அச்சுக்குப் போகிறது. அதற்குள் தாள் வராவிட்டால், "ஊர் எழுத்தர் விளக்கம் தர மறுத்தார்" என்று அடிக்குறிப்பு போடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

எல்லிஸ்

*

மார்லோ ஃபால்ஸ்
பிப்ரவரி 20

எல்லிஸ்,

தாளின் நகல் இதோடு இருக்கிறது. வக்கீலுக்கு 212, அவரை எதிர்த்து நின்ற பால்பண்ணைக்காரருக்கு 198. அதுதான் சரியான எண்.

ஓட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி அடுக்குவோம். அன்று பால்பண்ணைக்காரரின் ஒரு கட்டு வக்கீல் பக்கம் போய்விட்டது. அதனால்தான் எப்போதும் இரண்டாம் முறை எண்ணுகிறோம். ஆனால் இரண்டாம் முறை எண்ணுவதற்குள் கரும்பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு இளம் நிருபர் பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான். "வக்கீல் வென்றார்; சட்டமன்றத்துக்கு வேலையில்லை." அவன் பெயரோடு வந்த முதல் முதல்பக்கச் செய்தி.

மறுநாள் காலையில் தொலைபேசியில் உனக்கு விஷயத்தைச் சொன்னேன். நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அம்பது ஓட்டுதானே கோரின். எப்படியும் அவர்தான் முதல்ல வந்திருக்காரு. சட்டமன்றம் மட்டும் வேற ஆளையா எடுக்கப் போவுது? என் செய்திய நீயே பொய்யாக்குவியா?"

மே மாதம் நம் கல்யாணம். பேனாக்கத்தியை எடுத்தேன்.

பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாளும் நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெட்கப்படுகிறாய் என்று நினைத்திருந்தேன். மலைக்குக் கிழக்கே இருப்பவர் ஒருமுறை, மேற்கே இருப்பவர் ஒருமுறை என்று கட்சி கவர்னர் வேட்பாளர்களை மாற்றி மாற்றி நிறுத்திய காலத்தின் ஓட்டுக் கணக்கெல்லாம் உனக்கு மனப்பாடம். இதை மட்டும் மறந்துவிட்டாய்.

சுரண்டியது என் கை. கூட்டத்தில் ஓட்டெடுப்புக்கு முன் நானே எழுந்து சொல்லப்போகிறேன். மெரிலுக்கு அது போதும். உன் அடிக்குறிப்பில் யார் பெயர் வரும் என்பதை நீயே முடிவுசெய்.

கோரின்

*

மான்ட்பீலியர்
பிப்ரவரி 25

அன்புள்ள கோரின்,

நாளிதழின் பழைய பிரதியை இன்று நூலகத்தில் பார்த்தேன். நீ சொன்னபடியே இருக்கிறது. நீ எழுதிய அந்தத் தொலைபேசிப் பேச்சு எனக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் பேச்சு என்னுடையதுதான். வேறு யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

அடிக்குறிப்பை மாற்றி அனுப்பியிருக்கிறேன்: "மார்லோ ஃபால்ஸ் அறிக்கை எண் தவறு. சரியான எண்படி யாரும் பாதியைத் தாண்டவில்லை. தேர்வு சட்டமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். மறு எண்ணிக்கைக்கு முன் செய்தி கொடுத்தவரும், பிறகு அறிக்கையை மாற்றும்படி ஊர் எழுத்தரைக் கேட்டுக்கொண்டவரும் இந்நூலின் ஆசிரியர்." இப்படி எழுதியவனின் மற்ற பக்கங்களை யார் நம்புவார்கள் என்று பதிப்பாளர் கேட்கிறார். புத்தகத்தை வெளியிடுவாரா என்பதை மார்ச் 6 அன்று சொல்வார்.

என் பங்கையும் சொல்ல, மார்ச் 3 செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு வருகிறேன். ஓட்டில்லாதவர்களின் பெஞ்சில் இருப்பேன். வெளியூர்க்காரன் பேச மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்க வேண்டும். தூக்குவார்களா என்பது காலை பத்து மணிக்குமேல் தெரியும். அதில் உன் கையும் ஒன்று.

எல்லிஸ்